முதிய நோயாளிக்கு மருத்துவமனையில் ரோபோ பயிற்சி: யாருடைய கால் உழைக்கிறது?

கேள்வி இது. 79 வயதான தாயார் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சேரும் முன் துணையின்றி வீட்டில் நடமாடியவர். காய்ச்சல் தணிந்துவிட்டது, மூச்சும் சீரடைந்துவிட்டது. ஆனால் பத்து நாள் படுக்கைக்குப் பிறகு இருவர் தாங்கினால்தான் எழுந்து நிற்கிறார். ரோபோ உதவியுடன் உடற்பயிற்சி தரலாம் என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். அதனால் பயன் உண்டா, இந்த வயதில் ஆபத்தில்லையா, வழக்கமான பிசியோதெரபி போதாதா என்று மகன் கேட்கிறார்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இருவர் தாங்க வேண்டிய நிலையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு, சரியான இயந்திரமும் அதை அறிந்த பிசியோதெரபிஸ்டும் இருந்தால், சில நாட்களுக்கு அது உதவக்கூடும். ஒருவர் கையைப் பிடித்தால் நடக்கலாம் என்ற நிலை வந்ததும் அதன் தேவை வேகமாகக் குறையும். அதன் பிறகும் தொடர்ந்தால் இயந்திரம் நடக்கும், அம்மா அதில் தொங்கிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட இயந்திரம் இல்லாத மருத்துவமனையில் அவர் இருந்திருந்தாலும் பெரிதாக எதையும் இழந்திருக்க மாட்டார், பயிற்சி தினமும் நடந்திருக்கும் பட்சத்தில். அந்தப் ‘பட்சத்தில்’தான் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

நிமோனியா நுரையீரலில் வந்தது. கால் ஏன் தளர்ந்தது என்று பலர் குழம்புகிறார்கள். காலைத் தளர்த்தியதில் நோய்க்குப் பங்கு உண்டு, படுக்கைக்கு அதைவிடக் குறையாத பங்கு உண்டு. ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1947-லேயே படுக்கை ஓய்வின் ஆபத்துகளைப் பட்டியலிட்டு எழுதினார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதற்கு எண்ணிக்கை கொடுத்தது. எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அளந்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், நன்றாகச் சாப்பிட்டவர்கள். காய்ச்சல், பசியின்மை, உடல் முழுவதும் அழற்சி ஆகியவற்றோடு அதே பத்து நாட்களைக் கழித்த ஒருவரின் நிலைமை இதைவிட நன்றாக இருக்க வழியில்லை.

நோயாளிகள் நாள் முழுவதும் படுத்தேதான் இருக்கிறார்களா? ஏறக்குறைய ஆம். தாமாக நடக்கக்கூடிய முதிய நோயாளிகளுக்கு அசைவைப் பதிவு செய்யும் கருவியைக் கட்டி அளந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. மருத்துவமனையில் இருந்த நேரத்தில் 83 சதவீதத்தை அவர்கள் படுத்தே கழித்திருந்தார்கள். இவர்கள் நடக்க முடியாதவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். கையில் சலைன் குழாய், சிறுநீர்க் குழாய், மூக்கில் ஆக்சிஜன், அறையில் நாற்காலி இல்லை, விழுந்துவிடுவாரோ என்ற செவிலியரின் பயம், ‘அசையாமல் படுங்கள்’ என்ற உறவினரின் அன்பு: எல்லாம் சேர்ந்து ஒருவரைக் கட்டிலோடு கட்டிவிடுகின்றன. 70 வயதைத் தாண்டி மருத்துவமனைக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது போன்ற அன்றாட வேலைகளில் ஒன்றிலாவது முன்பிருந்ததைவிட மோசமான நிலையில்தான் வீடு திரும்புகிறார். நுரையீரல் தேறியிருக்கும், ஆள் தேறியிருக்க மாட்டார்.

ஆக, உங்கள் அம்மாவுக்குப் பயிற்சி தேவை என்பதில் விவாதமே இல்லை. அதை எதைக் கொண்டு தருவது என்பதுதான் விவாதம்.

‘ரோபோ’ என்ற ஒரே சொல்லின் கீழ் மருத்துவமனைகள் மிகவும் வேறுபட்ட சாதனங்களை வைத்திருக்கின்றன. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாதீர்கள்.

ஒரு வகை, சாய்கட்டில். நோயாளியைப் பட்டைகளால் கட்டிப் படுக்கவைத்து, கட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். நிமிரும்போதே கால்களை ஒரு மோட்டார் மாறி மாறி மடக்கி நீட்டும். நிற்கவைத்தாலே இரத்த அழுத்தம் சரிந்து மயங்கும் நோயாளிக்கு இது அருமையான ஏற்பாடு, ஏனெனில் காலசைவு இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். படுக்கையோரம் வைக்கும் மோட்டார் பொருத்திய பெடல் சைக்கிளும் ஏறக்குறைய இதே குடும்பம். நோயாளி மிதித்தால் எதிர்ப்புக் கொடுக்கும், மிதிக்க முடியாவிட்டால் தானே சுற்றும்.

இரண்டாவது வகையைத்தான் விளம்பரப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ட்ரெட்மில்லுக்கு மேலே ஒரு தாங்கி. அதிலிருந்து தொங்கும் பட்டைகள் நோயாளியின் எடையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். இரண்டு கால்களிலும் பொருத்தப்பட்ட இயந்திரக் கால்கள் இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டாரால் இயங்கி நடையின் அசைவைக் கொடுக்கும். சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையோடு இணைந்து உருவான லோகோமாட் இதில் மிகவும் அறியப்பட்டது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரை ட்ரெட்மில்லில் நடக்கவைக்க அதற்கு முன் இரண்டு மூன்று பிசியோதெரபிஸ்டுகள் குனிந்து உட்கார்ந்து கால்களைக் கையால் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முதுகு தாங்கும் வரைதான் பயிற்சி. அந்தச் சுமையை இறக்கிவைக்க வந்ததுதான் இந்த இயந்திரம். அது யாருக்காகப் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாவது வகை, உடலில் அணிந்துகொண்டு தரையில் நடக்கும் வெளிச்சட்டகம். ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் யோஷியுகி சங்காய் உருவாக்கிய ஹால் என்ற கருவி, தசையை இயக்க நோயாளி முனையும்போது தோலில் தோன்றும் மெல்லிய மின்குறிப்பைப் பிடித்து, அதற்கேற்ப மோட்டாரை இயக்குகிறது. சில நரம்பு, தசை நோய்களுக்கான மருத்துவக் கருவியாக 2015-இல் ஜப்பான் அதற்கு அனுமதி கொடுத்தது. இடுப்பில் மட்டும் கட்டிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் தொடையைச் சற்றுத் தூக்கிவிடும் இலகுவான கருவிகளும் இதே வகையில் சேரும். இவை ஏற்கெனவே நடக்கிறவர்களுக்கானவை.

இன்னொரு வகை நோயாளியைத் தொடவே தொடாது. எதிரே நின்று கையைத் தூக்கிக் காட்டி, நோயாளி செய்வதைக் கேமராவால் பார்த்து, எண்ணி, ‘இன்னும் இரண்டு முறை’ என்று சொல்லும் பயிற்றுநர் ரோபோ. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாயா மாட்டாரிச்சின் குழு இப்படி ஒன்றை முதியவர்களின் நாற்காலிப் பயிற்சிக்காக உருவாக்கிச் சோதித்தது. திரையில் தோன்றும் உருவத்தைவிட எதிரே நிஜமாக நிற்கும் ரோபோவைத்தான் முதியவர்கள் அதிகம் விரும்பினார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் கை இன்னும் கொஞ்சம் உயரத்தான் செய்யும். ஆனால் காது மந்தமானவருக்கும், இடம் காலம் குழம்பிய நிலையில் இருப்பவருக்கும் இது எளிதில் ஒரு தொல்லையாகிவிடும். இருவர் தாங்கினால்தான் நிற்பேன் என்கிறவருக்கு இது இப்போதைக்குப் பொருந்தாது, விட்டுவிடுவோம்.

சான்றுக்கு வருகிறேன். இங்கேதான் விற்பனைப் பேச்சும் உண்மையும் பிரிகின்றன.

நடைப்பயிற்சி ரோபோவுக்கான வலுவான ஆதாரம் பெரும்பாலும் பக்கவாத நோயாளிகளிடமிருந்து வந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிசியோதெரபியோடு இயந்திர நடைப்பயிற்சியும் சேர்ந்தால், துணையின்றி நடக்கும் நிலையை எட்டுகிறவர்கள் கூடுகிறார்கள். குறிப்பாகப் பயன் பெறுகிறவர்கள் யார் என்றால், பக்கவாதம் வந்து மூன்று மாதங்களுக்குள் இருப்பவர்களும், அப்போது நடக்கவே முடியாதவர்களும். கவனியுங்கள், பிசியோதெரபியோடு ‘சேர்ந்து’. அதற்குப் பதிலாக அன்று.

மறுபக்கமும் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு ஏற்கெனவே ஓரளவு நடக்கிறவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு லோகோமாட், இன்னொரு பிரிவினருக்கு மனிதர் தரும் பயிற்சி என்று ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வுகள் 2008-இலும் 2009-இலும் வெளிவந்தன. இரண்டிலும் நடை வேகத்தில் அதிகம் முன்னேறியவர்கள் மனிதரிடம் பயின்றவர்களே. கைக்கான ரோபோவை 770 பேரிடம் சோதித்து 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்விலும், வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ பயிற்சியால் கையின் செயல்பாடு கூடவில்லை. கருவி நவீனமானது என்பதால் பலனும் கூடுதலாக இருக்கும் என்று எண்ணியவர்களுக்கு அது கசப்பான முடிவு.

ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கான விடையில்தான் உங்கள் முடிவும் இருக்கிறது, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தசை வளர்வதற்கும், நரம்பு மறுபடி பழகுவதற்கும் தேவை அசைவு மட்டும் இல்லை, முயற்சி. கால் முன்னே போனது என்பது உடலுக்கு ஒரு பொருட்டே இல்லை, அதைப் போகச் செய்தது யார் என்பதுதான் பொருட்டு. லோகோமாட்டில் நடந்துகொண்டிருந்தவர்களின் ஆக்சிஜன் செலவையும் தசைகளின் மின்செயல்பாட்டையும் 2006-இல் ஓர் ஆய்வுக்குழு அளந்தது. பிசியோதெரபிஸ்ட் கையால் உதவியபோது இருந்ததைவிட இயந்திரத்தில் இரண்டும் குறைவாக இருந்தன. ‘முழு பலத்தோடு நடங்கள்’ என்று சொன்னபோது அந்த வேறுபாடு சுருங்கியது. உடலின் கணக்கு எளிமையானது: வேறொன்று வேலை செய்யத் தயாராக இருந்தால், தான் செய்யாது. இதைச் சோம்பல் என்று சொல்லி நோயாளியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நரம்பு மண்டலத்தின் இயல்பே சக்தியைச் சேமிப்பதுதான். பின்னாலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டே வரும் சைக்கிளில் யாராக இருந்தாலும் மெதுவாக மிதிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மனிதப் பயிற்றுநர் இதைத் தன்னையறியாமல் சமாளிக்கிறார். கை வலிக்கும், உதவியைக் குறைப்பார், நோயாளி தடுமாறுவார், சற்று உதவுவார், மறுபடி விடுவார். அந்தச் சின்னத் தடுமாற்றங்களில்தான் சமநிலை கற்கப்படுகிறது. பழைய நடை ரோபோக்கள் ஒவ்வோர் அடியையும் பிசகில்லாமல் ஒரே பாதையில் கொண்டுபோயின. பிசகே இல்லாத இடத்தில் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது? இதை உணர்ந்த பொறியாளர்கள் பின்னாளில் ‘தேவைப்படும் அளவுக்கு மட்டும் உதவு’ என்ற கொள்கையில் கட்டுப்பாடுகளை மாற்றினார்கள். இன்றைய கருவிகளில் வழிகாட்டும் விசை எவ்வளவு, எடையில் எத்தனை பங்கைத் தாங்குவது, வேகம் எவ்வளவு என்று தனித்தனியாக மாற்றலாம். ஆனால் மாற்றலாம் என்பது வேறு, மாற்றுகிறார்கள் என்பது வேறு. வரிசையாக நோயாளிகள் காத்திருக்கும் ஒரு பிற்பகலில், முதல் நாள் வைத்த அளவிலேயே ஐந்தாம் நாளும் இயந்திரத்தை ஓடவிடுவது மிகவும் எளிது.

ஆகவே பயிற்சி நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அம்மாவின் மூச்சு சற்றாவது கூடுகிறதா? பேச முடிந்தாலும் பாட முடியாத அளவுக்கு இரைக்கிறதா? முடிந்ததும் ‘எவ்வளவு கடினமாக இருந்தது, பத்துக்கு எத்தனை?’ என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்றால் அவர் இயந்திரத்தில் உட்கார்ந்து சவாரி போய் வந்திருக்கிறார். நான்கு, ஐந்து என்றால் வேலை நடந்திருக்கிறது. எட்டு என்றால், நிமோனியாவிலிருந்து மீளும் ஒருவருக்கு அது அதிகம். பிறகு பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்: நேற்றைக்கும் இன்றைக்கும் எந்த அளவைக் குறைத்தீர்கள்? தாங்கும் எடையா, வழிகாட்டும் விசையா? நல்ல பிசியோதெரபிஸ்டுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். உடனே பதில் சொல்வார், குறித்துவைத்த தாளையும் காட்டுவார். பதில் வராவிட்டால் ரோபோ எவ்வளவு விலையுயர்ந்தது என்பது உங்களுக்கு உதவாது.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான ஆய்வுக்கு வருகிறேன். அதில் ரோபோவே கிடையாது. ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் ஒரு மருத்துவமனையில், திடீர் நோய்க்காகச் சேர்க்கப்பட்ட 75 வயதுக்கு மேற்பட்ட 370 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். சராசரி வயது 87. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு தினமும் இரண்டு வேளை, வேளைக்கு ஏறக்குறைய 20 நிமிடம் பயிற்சி, ஐந்து முதல் ஏழு நாட்கள், வார இறுதியிலும் விடுமுறை இல்லை. எதிர்ப்பு விசைக் கருவிகளில் காலாலும் கையாலும் தள்ளுவது, நாற்காலியிலிருந்து எழுவது, சமநிலைப் பயிற்சி, நடை. சுமை, அவரவரால் ஒருமுறை அதிகபட்சம் தள்ளக்கூடியதில் 30 முதல் 60 சதவீதம். நிற்பது, நான்கு மீட்டர் நடப்பது, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுவது ஆகிய மூன்றையும் சேர்த்து 12-க்கு மதிப்பெண் போடும் ஒரு சோதனை முதியோர் மருத்துவத்தில் உண்டு. அதில் ஒரு புள்ளி கூடினாலே வாழ்க்கையில் தெரியும் என்பார்கள். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட 2.2 புள்ளி அதிகம் முன்னேறினார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவு அன்றாட வேலைகளில் சேர்ந்தபோது இருந்ததைவிடப் பின்தங்கியது; பயிற்சிப் பிரிவு பின்தங்கவில்லை. 2019-இல் முடிவுகள் வெளியாகின.

உங்கள் அம்மாவின் நிலைக்கு, பக்கவாத ஆய்வுகளைவிட இந்த ஆய்வுதான் நெருங்கியது. அவருடைய மூளையிலோ முதுகுத்தண்டிலோ பழுது இல்லை. கால் எப்படி நடப்பது என்பதை மறக்கவில்லை. நடக்கும் பலத்தை இழந்திருக்கிறது. இழந்த பலத்துக்கு மருந்து, சுமையை ஏற்றிச் செய்யும் பயிற்சிதான். ரோபோவைப் பலம் தரும் கருவியாகப் பார்க்காதீர்கள். சுமையை ஏற்கும் நிலைக்கே வர முடியாதவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவியாகப் பாருங்கள். இருவர் தாங்கும் நிலையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் தனியாகச் செய்யக்கூடியது குறைவு. இரண்டாவது ஆள் கிடைக்கும் வரை காத்திருந்து, கிடைத்தபின் நாலு முறை எழுப்பி உட்காரவைத்தால் அன்றைய பயிற்சி முடிந்துவிடும். பட்டைகள் தாங்கும் இயந்திரத்தில் அதே நேரத்தில் நூற்றுக்கணக்கான அடிகள் எடுத்துவைக்கலாம், விழுந்துவிடுவோம் என்ற பயமும் இல்லாமல். பயம் விலகுவது சின்ன விஷயம் இல்லை. எழுந்தால் விழுவேன் என்று நம்பும் நோயாளி, பலம் இருந்தும் எழ மாட்டார்.

இயந்திரம் இல்லாமலேயே அதே இடைவெளியைக் கடக்க ஒரு வழி இருக்கிறது. பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. மருத்துவமனைக் கட்டிலின் உயரத்தை மாற்றலாம் அல்லவா? பாதம் தரையில் நன்றாக ஊன்றியிருக்க, இடுப்பு முழங்காலைவிடத் தெளிவாக மேலே இருக்கும் அளவுக்குக் கட்டிலை உயர்த்தினால், இருவர் தேவைப்பட்டவர் பெரும்பாலும் ஒருவர் துணையோடு எழுந்துவிடுவார். அங்கிருந்து எழுந்து உட்காருவதை ஐந்தாறு முறை, நாளுக்குச் சில வேளை செய்யவைத்து, அது எளிதானதும் கட்டிலை இரண்டு விரல் அகலம் இறக்குங்கள். மறுநாள் இன்னும் சற்று. இதுவே படிப்படியாகக் கூடும் சுமைப் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் முதலில் கூட இருந்து காட்டித் தர வேண்டும். கட்டிலின் சக்கரங்கள் பூட்டியிருக்க வேண்டும். காலில் வழுக்காத செருப்பு வேண்டும். அவ்வளவுதான்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 79 வயது என்பது தடை இல்லை. பம்ப்லோனாவில் பயின்றவர்கள் பலர் அதைவிட மூத்தவர்கள், பயிற்சியால் அவர்களுக்குத் தீங்கு ஏற்பட்டதாகப் பதிவு இல்லை. தடை வேறு இடங்களில் இருக்கிறது. படுத்திருந்தவர் எழுந்த மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் சரிந்தால், முதலில் அதைக் கவனிக்க வேண்டும். மருந்து, நீர்ச்சத்துக் குறைவு என்று காரணம் இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பட்டையையும் கட்டக்கூடாது. எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நிலையில் இருப்பவருக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்), இடுப்போ முழங்காலோ முழுமையாக மடங்காதவருக்கு, இயந்திரக் கால் இழுக்கும் விசையே முறிவுக்குக் காரணமாகலாம். அம்மாவுக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருத்துவக் குறிப்பில் இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். முதியவரின் தோல் காகிதம்போல் மெலிந்திருப்பதால், பட்டை கட்டும் இடங்களான இடுப்புக் கவட்டை, தொடை, கணுக்கால் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் முடிந்தவுடன் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் செவிலியரிடம் காட்டுங்கள். சிறுநீர்க் குழாய் பட்டைக்கடியில் அகப்பட்டு இழுபடுவது அடிக்கடி நடப்பது. நிமோனியாவுக்குப் பிறகு என்பதால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி பயிற்சி முழுவதும் இருக்கட்டும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்பதை மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அளவு மீறுவதும் ஆபத்துதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த 750 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிட முன்னதாகவும் கூடுதலாகவும் அசைய வைத்தவர்கள் அதனால் நன்மை அடையவில்லை. இதயத்துடிப்புக் கோளாறு, ஆக்சிஜன் குறைவு போன்றவைதான் அவர்களிடம் கூடின. உங்கள் அம்மா அந்த நிலையில் இல்லை, ஆனாலும் காய்ச்சல் திரும்பிய நாளில் பயிற்சியை வற்புறுத்தாதீர்கள்.

இன்னொன்று, குழப்பம். மருத்துவமனையில் முதியவர்களுக்கு நேரம், இடம், ஆள் தெரியாமல் திடீரென்று ஏற்படும் மனக்குழப்பம் மிகச் சாதாரணம். அந்த நிலையில் ஒருவரைப் பட்டையால் கட்டித் தொங்கவிட்டு, காலை இயந்திரம் இழுத்தால், அவருக்கு அது சிகிச்சையாகத் தெரியாது. கட்டிவைத்திருக்கிறார்கள் என்றுதான் தெரியும். அம்மா இரவில் பிதற்றுகிறார், பகலில் மந்தமாக இருக்கிறார் என்றால் ரோபோவைத் தள்ளிவையுங்கள், நடமாட்டத்தைத் தள்ளிவைக்காதீர்கள். நோயாளியை எழுப்பி நடக்கவைப்பது, கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டுவிடுவது, இரவில் தூங்கவிடுவது, போதிய நீர் கொடுப்பது போன்ற எளிய ஏற்பாடுகளின் தொகுப்பை ஷாரன் இனோயே என்ற முதியோர் மருத்துவர் அமெரிக்காவில் 852 முதியவர்களிடம் சோதித்தார். 1999-இல் வெளியான முடிவுப்படி, குழப்பம் ஏற்பட்டவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள்.

ரோபோ அறையில் கழியும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதி நாளை மறந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. போய் வருவது, பட்டை கட்டுவது, கால் நீளத்துக்குச் சரிசெய்வது, அவிழ்ப்பது எல்லாம் போக உண்மையான நடை அரை மணி நேரம் இருந்தாலே அதிகம். முதல் தடவையில் கட்டி முடிப்பதற்குள்ளேயே நோயாளி களைத்துவிடுவதும் உண்டு. அதை முடித்துவிட்டு, ‘இன்றைக்குப் பயிற்சி ஆகிவிட்டது, படுத்துக்கொள்ளுங்கள்’ என்று நாள் முழுவதும் படுக்கவிட்டால் கொடுத்ததெல்லாம் வீண். மூன்று வேளை உணவும் கட்டிலில் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். படுக்கையிலேயே மலம் கழிக்கவைக்காமல் பக்கத்தில் கழிவறை நாற்காலியாவது வைக்கச் சொல்லுங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள்; கேட்காவிட்டால் அது அப்படியே இருந்துவிடும். சலைன் ஏறும் நேரத்தை இரவுக்கோ ஒரே தவணைக்கோ மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. புரதம் இல்லாமல் பயிற்சி மட்டும் தசையைக் கட்டாது. நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். பசியில்லாதவருக்கு இது எளிதில் எட்டாது. உணவியல் நிபுணரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு மாறும், மருத்துவர் சொல்வதே அளவு.

கட்டணம் தனி என்றால் என்ன செய்வது? எத்தனை முறை, எந்த இலக்கு வரை, எப்போது நிறுத்துவோம் என்ற மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். மொத்தமாக இருபது முறைக்குப் பணம் கட்டச் சொன்னால் நான் தயங்குவேன். படுக்கையால் தளர்ந்த ஒருவர், எல்லாம் சரியாகப் போனால், அதில் கால்வாசியை எட்டுவதற்குள்ளேயே வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால் வேறு ஏதோ காரணம் இருக்கிறது, அதைத் தேட வேண்டும். ரோபோ வந்ததால் பிசியோதெரபிஸ்ட் வரும் நேரம் குறைகிறதா என்றும் பாருங்கள். குறைகிறது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தையே கேளுங்கள்.

நிறுத்துவதற்கான அடையாளம் இதுதான்: ஒருவர் லேசாகத் தாங்கினால் அம்மா கட்டிலிலிருந்து எழுந்து, வாக்கரோடு கதவு வரை போய்த் திரும்புகிறார். அன்றிலிருந்து தரையில் நடை, நாற்காலியிலிருந்து எழுதல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துதல், கணுக்காலில் சிறு எடை கட்டி முழங்காலை நீட்டுதல், இவை தினமும் இரண்டு வேளை. வீட்டுக்கு அனுப்பும் முன்பு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ எத்தனை நொடி ஆகிறது, நான்கு மீட்டர் நடக்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து வெளியேற்றக் குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழ முடியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதட்டும். இரண்டு வாரம் கழித்து வீட்டில் அதே நாற்காலி உயரத்தில் அளந்து பார்க்கும்போது ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும். எண் மோசமாகியிருந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அழைத்துப் போங்கள்.